தங்கவயல் சயனைட் மேடுகள்: கன்று வாங்குவதற்கு முன்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

கோலார் தங்கவயலில் தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மணல் குவியல்களான சயனைட் மேடுகளின் மேல் காடு வளர்க்கலாம் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எண்ணம் நல்லதுதான், ஆனால் மேட்டின் உச்சியில் ஒரு கன்றுகூட நட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிஜிஎம்எல் (பாரத் தங்கச் சுரங்க நிறுவனம்) வசமுள்ள 13 மேடுகளில், 1,003 ஏக்கர் சொச்சத்தில், மிச்சத் தங்கம் எடுப்பதற்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவு தந்துவிட்டது. இன்று நடுவதை நாளைக்கு பொக்லைன் வாரிக்கொண்டு போகும். அடிவாரத்துக்கும் ஊருக்குள் ஜனங்கள் புழங்கும் இடங்களுக்கும் நாம் திரட்டும் பணம் போகட்டும்.

உச்சியில் செய்ய வேண்டியது தூசியைக் கட்டுவது. அந்த மேடு முழுக்க மாவாக அரைத்த பாறை. மேல்பரப்பில் இருந்த சயனைட் வெயிலில் பெரும்பாலும் சிதைந்துவிடும். சிலிக்கா சிதையாது, கந்தகத் தாது இருந்த இடத்தில் ஆர்செனிக்கும் போகாது. மழை பெய்து காய்ந்தால் மேலே மெல்லிய பொருக்கு கட்டும். அந்தப் பொருக்கு முழுசாக இருக்கும்வரை காற்றுக்குப் பிடி கிடைக்காது. ஒரு பைக் ஏறி இறங்கினால், ஆடு மேய்ந்தால், பொருக்கு உடைந்து அந்தக் கோட்டிலிருந்தே ஆடிக் காற்று அள்ளத் தொடங்கிவிடும். ஆகவே ஏறும் தடங்களைப் பாறாங்கல் வைத்து மறிப்பதே முதல் வேலை. அடுத்தது, வெட்டிய சீமைக்கருவேல முள்ளைக் காற்றுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு (40 முதல் 50 செ.மீ.) வரிசையாக அடுக்கி, முளையடித்துக் கட்டுவது. வரிசைக்கு வரிசை 4 முதல் 5 மீட்டர் இடைவெளி. நெருக்கமாகச் சுவர்போல அடைத்தால் காற்று சுழன்று பின்பக்கத்தைக் குடையும். பாதிக் காற்று ஊடே போகட்டும். காய் பிடித்த கிளை வேண்டாம், விதை விழுந்தால் மேடு முழுக்க அதுவே முளைக்கும். தங்கம் எடுக்க ஆள் வரும் நாளில் இந்த முள்ளை எடுத்துப்போட்டால் போதும், நட்டம் எதுவும் இல்லை.

அடிவாரத்தில்தான் மரம். அதற்கு முன் மண் பரிசோதனை கட்டாயம்: 50 மீட்டருக்கு ஒரு இடம், 0–15 செ.மீ. ஒரு மாதிரி, 15–30 செ.மீ. இன்னொரு மாதிரி. கார அமிலத் தன்மை, உப்பு, ஆர்செனிக் மூன்றையும் கேளுங்கள். ஒரே மேட்டின் அடியில் ஒரு பக்கம் காரமாகவும், கந்தகத் தாது காற்றும் நீரும் பட்டுச் சிதைந்த பக்கம் அமிலமாகவும் இருக்கலாம். சராசரி எடுத்தால் இரண்டுமே மறைந்துவிடும், இடவாரியாகவே முடிவு வேண்டும். மேட்டு மணல் வழிந்து மூடிய இடத்தில் நேராக மண் கொட்டினால் கோடையில் உப்பு மேலே ஏறி வேரைச் சுட்டுவிடும். கீழே 30 செ.மீ. கல் சரளை பரப்பி, அதன்மேல் குறைந்தது 45 செ.மீ. நல்ல மண் போட்டால் அந்த ஏற்றம் அறுந்துபோகும். சரளைக்குச் சுரங்கத்துக் கழிவுப் பாறையை எடுப்பதானால் அதையும் முதலில் பரிசோதிக்க வேண்டும்.

300 மீட்டர் நீளத்துக்குக் கணக்கு சொல்கிறேன். மூன்று வரிசை, 3 மீட்டருக்கு ஒரு குழி, அடுத்தடுத்த வரிசை தட்டி வரும்படி: சுமார் 300 கன்று. குழி 60 செ.மீ. கனச்சதுரம், அதில் மூன்றில் ஒரு பங்கு மக்கிய எரு. மொத்தம் சுமார் 22 கன மீட்டர். டிராக்டருக்கு 3 கன மீட்டர் பிடித்தால் 8 நடை. மேட்டைப் பார்த்த வரிசையில் விராலி, ஆவாரை; நடுவில் வெள்வேல்; ஊர்ப்பக்கம் புங்கை, வேம்பு. நீலகிரி வேண்டவே வேண்டாம், 2017-லேயே கர்நாடகத்தில் புதிய நடவுக்குத் தடை வந்துவிட்டது. மண் முடிவு வரும்வரை மா, நெல்லி, முருங்கை, கீரை எதுவும் கூடாது. பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள்.

சித்திரையில் குழி வெட்டி ஆறவிட்டு, ஆடி மழையில் நடலாம். கன்றுக்கு வாரம் 15 லிட்டர் என்றால் 4,500 லிட்டர், ஒரு 5,000 லிட்டர் டேங்கர். மழை நின்ற வாரத்திலிருந்து இரண்டு கோடைக்கும் இது தவறக்கூடாது. நடவு விழாவோடு கைகழுவிய வரிசைகள் காய்வது முதல் பங்குனியில்தான். மேட்டிலிருந்து வெள்ளம் அரித்து வரும் ஓடைகளில் வெட்டிவேரை 15 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்கே நட்டு, பின்னால் கல் தடுப்பு வைத்தால் வண்டல் அங்கேயே தங்கும்.

இங்கிலாந்தின் கார்ன்வாலில் பழைய களிமண் குழியில் தோட்டம் அமைத்த ஈடன் திட்டத்தை உதாரணம் காட்டியிருந்தீர்கள். நம் ஊருக்குச் சுரங்கக்காரர்களை அனுப்பிய நிலம் அது, பொருத்தம்தான். வெள்ளைக் களிமண் குழியின் கழிவு மணலோடு மக்கிய பட்டையும் இலைதழை எருவும் கலந்து அங்கேயே மண் செய்தார்கள். ஆனால் அந்த மணலையும் நம் மேட்டு மணலையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. நம்முடையதை எருவில் கலக்கவோ, விளையாட்டுத் திடலுக்கு நிரப்பவோ, நடைபாதைக்கு அடியில் போடவோ கூடாது. வீடு கட்ட அள்ளிப்போகிறவர்களிடமும் இதைச் சொல்லியாக வேண்டும்.

பூங்காவை எங்கே அமைக்கலாம் என்று கேட்டால், விடியற்காலை பெங்களூரு ரயிலுக்கு ஓடும் ஜனங்களைப் பார்க்கச் சொல்வேன். லைன் வீடுகளிலிருந்து (சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகள்) மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகாம் ஸ்டேஷன்களுக்குப் போகும் வழிகள்தான் ஊரின் உண்மையான பொது இடம். இரண்டு மீட்டர் அகலப் பாதை, பக்கத்தில் வடிகால், 8 மீட்டருக்கு ஒரு புங்கை, ஸ்டேஷன் வாசலில் தண்ணீரும் பெண்களுக்குக் கழிப்பறையும், வழி நெடுக விளக்கும் வேண்டும். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊரில் பெண்கள் இருட்டில் நடக்கக் கூடாது.

ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி) அருகே குளமோ மழைநீர் உறிஞ்சு குழியோ வெட்டாதீர்கள். கீழே வெட்டிய வெற்றிடங்களில் தண்ணீர் நிறைந்தபின் நில அதிர்வு உண்டாவது நம் ஊரில் பதிவான சங்கதி. ஷாஃப்ட் வாயை கான்கிரீட்டால் மூடியிருந்தாலும் சுற்றிலும் மண் இறங்கும். வேலி போட்டு, ஊஞ்சல், மேடை எல்லாம் தள்ளியே வைக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பதைப் பழைய சுரங்க வரைபடத்தைப் பார்த்துச் சுரங்கப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

மேடும் ஷாஃப்ட்டும் பிஜிஎம்எல் நிலம், தெரு நகரசபையுடையது, ஸ்டேஷன் வாசல் ரயில்வேயுடையது. மூன்று இடத்திலும் எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே பணம் அனுப்பலாம். திரட்டும் தொகையில் பாதியை இரண்டு கோடைக்கான டேங்கருக்கும் காவலாள் கூலிக்கும் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மீதியில் எத்தனை மீட்டர் வருமோ அத்தனை மட்டும் நடுவோம். பொருளாளர் அண்ணன் இதற்கு ஒப்புக்கொண்டால், முதல் செலவாக மண் பரிசோதனைக்கு எழுதலாம்.