அம்லோடிபின் 5 மி.கி.: ஈரக் குருணையாக்கம் இன்னும் தேவையா?

பஞ்ச்டை:
ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினை ஈரக் குருணையாக்கத்தில், அதாவது ஆர்எம்ஜி (தூளைப் பசையோடு பிசைந்து குருணையாக்கும் இயந்திரம்), எஃப்பிடி (சூடான காற்று உலர்த்தி) வழியாக ஓட்டும் ஆலைகளிடம் ஒரு கேள்வி: எதற்காக? பேஸ்ட் காய்ச்சி, பிசைந்து, உலர்த்தி, எல்ஓடி (மீதி ஈரம்) பார்த்து, மில்லில் உடைக்க வேண்டும். பிறகு அத்தனை இயந்திரத்தையும் கழுவி, ஸ்வாப் (துடைப்பு மாதிரி) எடுத்து, கியூஏ (தர உறுதிப் பிரிவு) கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். நேரடி அழுத்தத்தில் தூளைச் சலித்து, கலந்து, அழுத்தினால் முடிந்தது. மூல பிராண்டான நார்வாஸ்கில் இருக்கும் துணைப்பொருட்களே எம்சிசி (நுண்படிகச் செல்லுலோஸ்), டைகால்சியம் பாஸ்பேட், சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட், மெக்னீசியம் ஸ்டியரேட்தான். நான்குமே நேரடி அழுத்தத்துக்குப் பொருந்துபவை.

தரம்45:
5 மி.கி. அம்லோடிபினுக்கு பெசிலேட் உப்பு 6.94 மி.கி. போட வேண்டும். 200 மி.கி. மாத்திரையில் அது 3.5 சதவீதம்கூட இல்லை. டோஸ் 25 மி.கி.க்குக் கீழே என்பதால் எடை மாறுபாடு மட்டும் பார்த்து விட முடியாது. பத்து மாத்திரையைத் தனித்தனியாக அசே (மருந்தளவுச் சோதனை) செய்து, ஏற்பு மதிப்பு (மருந்தளவு விலகலைக் காட்டும் எண்) 15-க்குள் வர வேண்டும். மருந்துத் தூளோ நுண்மையானது. எம்சிசி 102 ரகத்தின் துகள் சுமார் 100 மைக்ரான். கலவைத் தொட்டியிலிருந்து ஹாப்பருக்கு (அழுத்தும் இயந்திரத்தின் ஊட்டுப் புனல்) விழும்போதே இரண்டும் பிரியும். குருணையில் மருந்தைப் பைண்டர் (பசை) பிடித்து வைத்திருக்கும். அந்தப் பாதுகாப்பை ஏன் இழக்க வேண்டும்?

பஞ்ச்டை:
பிரியும், மறுக்கவில்லை. மருந்தை அதே அளவு எம்சிசியோடு சேர்த்து 40 மெஷ் சல்லடையில் தள்ளுங்கள். பிறகு இரட்டித்து இரட்டித்துச் சேருங்கள். பிளெண்டரை 60-70 சதவீதத்துக்கு மேல் நிரப்பினால் தூள் புரள இடமிருக்காது. ஹாப்பரை அடிவரை காலியாக விடாதீர்கள். ஈர முறையிலும் ஆபத்து இல்லாமல் இல்லை: அம்லோடிபின் முதல்நிலை அமீன். லாக்டோஸும் ஈரமும் சூடும் சேர்ந்தால் மாசுப்பொருள் ஏறும், நிறம் மாறும்.

குருணை:
வழுக்குப்பொருளான மெக்னீசியம் ஸ்டியரேட்டை எப்படிக் கலப்பது என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். நேரடி அழுத்தத்தில் தடுமாறுவது பெரும்பாலும் அங்கேதான். அதிக நேரம் சுற்றினால் அது துகள்கள் மேல் படலமாகப் படியும். ஹார்ட்னஸ் (மாத்திரையின் உறுதி) விழும், கரைதல் தாமதமாகும். எம்சிசி நெகிழ்ந்து ஒட்டும் பொருள் என்பதால் உடனே பாதிக்கும். டைகால்சியம் பாஸ்பேட் உடைந்து புது முகம் காட்டுவதால் தாங்கும். 60 மெஷ்ஷில் சலித்துக் கடைசியாகப் போட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் நிறுத்துங்கள். தூளை அச்சுக்குள் தள்ளும் ஃபோர்ஸ் ஃபீடரின் துடுப்பும் ஒரு பிளெண்டர்தான். இயந்திரம் நின்றால் அதையும் நிறுத்துங்கள்.

தரம்45:
ஒழுங்குமுறைச் செலவு? அமெரிக்க எஃப்டிஏவின் 1995 சுபாக்-ஐஆர் வழிகாட்டியில் (ஒப்புதலுக்குப் பின் தயாரிப்பை மாற்றுவது பற்றியது) ஈர முறையிலிருந்து நேரடி அழுத்தத்துக்கு மாறுவது மூன்றாம் நிலை, அதாவது மிகப் பெரிய, மாற்றம். பொதுவாக உயிர்ச்சமநிலை ஆய்வு (மருந்து உடலில் முன்போலவே சேர்கிறதா என்ற சோதனை) கேட்பார்கள். இதே வாதத்தைப் பாராசிட்டமால் 500-க்கும் நீட்டாதீர்கள். மாத்திரை முழுக்க மருந்துதான். அழுத்தம் விலகியதும் மீண்டு விரிந்து கேப்பிங் ஆகும், அதாவது மேல்பகுதி மூடிபோலக் கழன்றுவிடும்.

பஞ்ச்டை:
பாராசிட்டமாலை விட்டுவிடுகிறேன். அமெரிக்க ஒப்புதல் பெற்ற பழைய தயாரிப்பையும் தொட வேண்டாம்; அங்கே கழுவும் நேரத்தைக் குறைத்தாலே போதும். புதிதாக வடிவமைக்கும் அம்லோடிபினுக்கு நேரடி அழுத்தம்தான் என்பதில் மாற்றமில்லை. மூன்று பேட்சில், ஓட்டம் முழுக்கக் குறைந்தது 20 இடங்களில் மாத்திரை எடுத்து அசே பாருங்கள்.

தரம்45:
சம்மதம். ஹாப்பர் தீரும் கடைசிப் பகுதியும், ஒவ்வொரு நிறுத்தத்துக்குப் பின் வரும் முதல் மாத்திரைகளும் அந்த இருபதில் கட்டாயம் இருக்க வேண்டும்.