பழைய விமானங்களுக்கு நடுவே இறங்கிய இந்த ஜெட் எது?

கிளிநொச்சியான்:
இங்கிலாந்தில் இருக்கும் அண்ணா ஒரு வீடியோ அனுப்பினார். பழைய விமானம் வைத்திருப்பவர்கள் அதை ஓட்டிக்கொண்டே ஒரு சின்ன விமானத்தளத்தில் வந்து கூடுவார்களாம், புல்லில் கதிரை போட்டுத் தேத்தண்ணி குடித்தபடி மற்றவர்களுடையதைப் பார்ப்பார்களாம். எல்லாம் காற்றாடி விமானம். நடுவில் ஒரு ஜெட் சீறிக்கொண்டு வந்து இறங்குகிறது. கட்டை மூக்கு, இருவரும் கார் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். எட்டிப் பார்த்த அம்மா, "இது சண்டைக் காலத்தில் குண்டு போட்ட சியாமாசெட்டி எல்லோ" என்றார். உண்மையா?

முறிகண்டி:
அம்மா பங்கருக்குள் இருந்து சத்தம் கேட்டதுதான் கூடவாயிருக்கும், பாவம். சியாமாசெட்டிக்கு முன்னால் காற்றாடி சுற்றும், ஜெட் இல்லை. இத்தாலிக்காரர் செய்த எஸ்.எஃப்.260. ஆனால் அதையும் பயிற்சிக்குப் பாவிப்பார்கள், அதிலும் இருக்கை பக்கத்தில் பக்கத்தில், அதனால் அம்மாவில் பெரிய பிழை இல்லை. உம்முடைய வீடியோவில் வருவது ஜெட் புரோவொஸ்ட் என்ற பயிற்சி விமானம். 1954இல் முதலில் பறந்தது, பிரித்தானிய விமானப்படை 1993 வரை வைத்திருந்தது. பக்கத்தில் இருந்தால் மாணவன் கை எங்கே போகிறது என்று வாத்தியார் பார்க்கலாம்.

நெடுங்கேணிப் பொடியன்:
மூக்கை வடிவாகப் பாரும். கட்டையாக இருந்தால் ஜெட் புரோவொஸ்டில் ரி.3 அல்லது ரி.4 வகை. விமானி அறைக்குள் காற்றழுத்தம் ஏற்றிய ரி.5க்கு மூக்கு நீளம். எனக்குப் பிடித்தது அதன் வைப்பர் எஞ்சின்தான்: ஆளில்லாமல் பறந்து சுடுபட்டு விழுகிற ஜிண்டிவிக் என்ற இலக்கு விமானத்துக்காக, கொஞ்ச மணித்தியாலம் ஓடினால் போதும் என்று செய்தது, கடைசியில் எத்தனையோ மாணவர்களைச் சுமந்தது!

அப்புறம், இலங்கைக்கும் இது வந்தது, ஆயுதம் பூட்டிய ரி.51 என்று 12. 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியில் அவற்றையும் பாவித்தார்கள். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று நிற்கிறது, கொழும்புக்குப் போனால் பாரும்.

கிளிநொச்சியான்:
நன்றி. ஒன்று மட்டும், மற்றதெல்லாம் புல்லில் நிற்க இது மட்டும் ஏன் தார்த் தரையில்?

முறிகண்டி:
கல்லு, குப்பை எதையும் எஞ்சின் உறிஞ்சிவிடும், பிறகு உள்ளே தகடுகள் போச்சு. காற்று வாங்கும் வாய் இரண்டும் இறக்கைக்கு முன்னால் தரைக்குக் கிட்டத்தானே இருக்கிறது.

கிளிநொச்சியான்:
சரி, மூக்கு கட்டைதான், திரும்பப் பார்த்தேன். சத்தத்தை நிற்பாட்டிப்போட்டுப் பார்க்கச் சொல்லி அம்மா கத்துகிறார்.