குடும்பப் பெயருக்கென்று குலச்சின்னம் உண்டா?

கேள்வி: வணக்கம். ஸ்மித், டெய்லர் என்று குடும்பப் பெயரைக் கொடுத்தால் கேடயச் சின்னம் அச்சிட்டுத் தரும் கடைகள் நிறைய இருக்கின்றன. இங்கிலாந்தில் அந்தப் பெயருள்ள எல்லோருக்கும் அது சொந்தமா? சிவப்பு வீரம், நீலம் விசுவாசம் என்பதெல்லாம் சரியா?

பதில் 1: சொந்தமில்லை. அங்கே சின்னம் பெயருக்கு அல்ல, ஓர் ஆளுக்குத் தரப்படுகிறது. பிறகு அவருடைய ஆண்வழி வாரிசுகளுக்கு இறங்கும். ஒரே பெயருக்குப் பல சின்னங்கள் இருக்கலாம். பெரும்பாலான ஸ்மித்துகளுக்கு ஒன்றுமே இராது. தந்தைவழிப் பிறப்பு, திருமணப் பதிவுகளைப் பின்னோக்கித் தேடுங்கள். அரசுப் பதிவு 1837இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் தேவாலயப் பதிவேடுகள்தான். சின்னம் பெற்றவர் வரை வழி வந்து சேர்ந்தால் மட்டும் லண்டனில் குலச்சின்னங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸில் கேளுங்கள். பெயர் ஒத்துப்போகிறது என்று நடுவில் ஒரு தலைமுறையைத் தாண்டிவிட்டால் எல்லாம் வீண்.

பதில் 2: நிறங்களுக்கான அர்த்தம் பிற்காலத்தில் ஒட்டவைத்தது. உண்மையான விதி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியது. பொன், வெள்ளி இரண்டும் உலோகம். சிவப்பு, நீலம், கறுப்பு, பச்சை, ஊதா ஐந்தும் நிறம். நிறத்தின் மேல் நிறமோ, உலோகத்தின் மேல் உலோகமோ வைப்பதில்லை. நீலத்தில் பொன் பட்டை எத்தனை தெளிவு! அந்த ஒரே சின்னத்துக்காக ஸ்க்ரோப், குரோவ்னர் என்ற இரண்டு ஆங்கிலேய வீரப்பிரபுக்கள் (நைட்டுகள்) 1385இலிருந்து வழக்காடினார்கள், ஸ்க்ரோப் வென்றார். பொருள் தேடுவதென்றால் பெயர்ச் சிலேடையைப் பாருங்கள்: போவ்ஸ்-லயன் குடும்பக் கேடயத்தில் வில்லும் (ஆங்கிலத்தில் 'போ') சிங்கமும் ('லயன்').

பதில் 3: ஸ்காட்லாந்தில் இன்னும் கடுமை. இளைய மகன் தந்தையின் சின்னத்தைச் சிறு மாற்றத்துடன், அங்கே சின்னங்களைக் கவனிக்கும் லார்ட் லையன் நீதிமன்றத்தில் பதிய வேண்டும். குலத்தார் அணியலாமென்பது குலத் தலைவரின் முடிச்சின்னத்தை (கேடயத்துக்கு மேலே தலைக்கவசத்தில் வரும் உருவம்) வார்ப்பட்டை வளையத்துக்குள் வைத்த பேட்ஜ் மட்டுமே, கேடயம் அல்ல.