பெர்னினா ரயிலுக்கு முன்பதிவு வேண்டாமாம்!

ஜன்னலோரம்:
சுவிட்சர்லாந்திலிருந்து மலை தாண்டி இத்தாலிக்குப் போகிற பெர்னினா ரயிலைப் பற்றித்தான் பேச்சு. இந்தப் பயணக் குழுவில் 'புதுச்செருப்பு' என்ற பெயரில் எழுதுபவர் போட்டிருந்த பயணத் திட்டத்துக்குக் கீழே நேற்று 'சில்லறை' என்பவர் எழுதிய வரி இது: "பெர்னினா ரயிலுக்கு முன்பதிவெல்லாம் வேண்டாம். போங்க, ஏறுங்க, உட்காருங்க." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. முதல்முறை வெளிநாடு போகிற குடும்பம், கூட வயதான அம்மா. அக்டோபர் நடுவில் சூரிக்கில் இரண்டு இரவு, கூர் வழியாக மலை ரயிலில் இத்தாலி எல்லை ஊரான திரானோ, அப்புறம் மிலான். மிலானில் கார் எடுத்து டஸ்கனி, பிளாரன்ஸ், கடைசியில் ரோம். ரயில் போகும் வழியிலுள்ள எங்கடின் பள்ளத்தாக்கில் லார்ச் என்ற ஊசியிலை மரங்கள் பொன்னிறமாவது சரியாக அந்த நாட்களில்தான், கூட்டமும் அப்போதுதான். பெர்னினா எக்ஸ்பிரஸில் முன்பதிவு கட்டாயம். ஸ்விஸ் டிராவல் பாஸ் என்ற சுற்றுலாப் பயணச்சீட்டு வைத்திருந்தாலும் இருக்கைக் கட்டணம் தனி. கட்டாயம். நடைமேடையில் நின்று கையாட்டத்தான் ஆசை என்றால் சில்லறை பேச்சைக் கேளுங்கள்.

சில்லறை:
அந்தப் பாதையில் மூன்று தடவை போய்விட்டேன். மூன்று தடவையும் முன்பதிவு இல்லை. பரிசோதகர் பாஸைப் பார்த்தார், தலையாட்டினார், போனார். வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஜன்னலோரம்:
மூன்று தடவை தலைக்கவசம் இல்லாமல் போய் அடிபடாமல் வந்தவர் நான்காவது ஆளுக்குப் புத்தி சொல்கிறார்.

இடைவழி:
ஒரு நிமிடம். நீங்கள் இருவரும் சொல்வது வேறு வேறு ரயில். பெர்னினா எக்ஸ்பிரஸ் பெரிய கண்ணாடி வைத்த சுற்றுலா ரயில், அதில் முன்பதிவு கட்டாயம். அதே தண்டவாளத்தில் சாதாரண ரயில்களும் ஓடுகின்றன, அவற்றில் தேவையில்லை. கூரிலிருந்து செயின்ட் மோரிட்ஸ் பக்கம் போய் மாறினால் அதே மலை, அதே பாலம், அதே திரானோ. எந்த ரயில் என்று முதலில் முடிவு செய்துகொண்டால்...

சில்லறை:
அதைத்தானே நானும் சொன்னேன்? முன்பதிவு வேண்டாம்.

ஜன்னலோரம்:
இடைவழியே சொல்லிவிட்டார், முன்பதிவு கட்டாயம் என்று. நன்றி.

நாலுசக்கரம்:
எதற்கு இந்த ரயில் பஞ்சாயத்து? சூரிக்கிலேயே கார் எடுங்கள். யூலியர் கணவாய் ஏறி, பெர்னினா கணவாய் இறங்கி, நினைத்த இடத்தில் நிறுத்தி, நினைத்த இடத்தில் படம் எடுத்து...

ஜன்னலோரம்:
வந்துவிட்டார். ஒருநாள் ஓட்டினாலும் ஸ்விஸ் நெடுஞ்சாலைக்கு 40 பிராங்க் கொடுத்துச் சுங்க வில்லை வாங்கவேண்டும், அதில் வருடாந்திர வில்லையைத் தவிர வேறு கிடையாது. சூரிக்கில் எடுத்து ரோமில் விட்டால் நாடு தாண்டி விடுவதற்கு வாடகை நிறுவனம் தீட்டுகிற கட்டணத்தில் இன்னொரு விடுமுறையே போய் வரலாம். நீங்கள் சொன்ன இரண்டு கணவாயும் 2,280 மீட்டருக்கு மேல். அக்டோபரில் ஒரே இரவில் பனி விழும். முதல்முறை போகிறவரை அங்கே ஏற்றிவிட்டு நீங்கள் இங்கே உட்கார்ந்து ரசிப்பீர்களா?

நாலுசக்கரம்:
பனி பெய்தால் ரயில் மட்டும் பறக்குமா? அதுவும் பல்சக்கரத்தால் தண்டவாளப் பல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ரயில்.

ஜன்னலோரம்:
பல்சக்கரமா! பெர்னினா பாதையில் பல்சக்கரமே கிடையாது ஐயா. ஆயிரம் மீட்டருக்கு 70 மீட்டர் ஏற்றம், எல்லாம் வெறும் சக்கரத்தின் பிடியில். 2,253 மீட்டர் உயரத்திலிருந்து திரானோவின் சுமார் 430 மீட்டருக்கு அப்படியேதான் இறங்குகிறது. இறக்கம் தாங்காது என்றுதான் புருசியோவில் பாதை ஒரு முழு வட்டம் அடித்துத் தன் பாலத்துக்குக் கீழேயே நுழைகிறது. கூரிலிருந்து திரானோவரை 55 சுரங்கம், 196 பாலம். அதில் பெரும்பகுதியை 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவும் தெரியாமல் கார் சாவியை ஆட்டிக்கொண்டு வரவேண்டாம்.

நாலுசக்கரம்:
மனப்பாடம் நன்றாக இருக்கிறது. போன வருடம் ஜப்பான் பேச்சில் "எந்தப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் செல்லும்" என்று அடித்துச் சொன்னது யார்? ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா உடன்படிக்கை அனுமதியை மட்டும். அன்றைக்கு எங்கே போனது இந்தப் புள்ளிவிவரம்?

ஜன்னலோரம்:
அது வேறு பேச்சு. அங்கேயும் நான் "பெரும்பாலும்" என்றுதான் எழுதினேன்.

நாலுசக்கரம்:
"பெரும்பாலும்" மறுநாள் முளைத்தது. எல்லோரும் பார்த்தோம்.

சில்லறை:
சுற்றுலா ரயிலில் இன்னொரு தொல்லை, அதன் ஜன்னல் திறக்காது. லாண்ட்வாசர் பாலத்தில், 65 மீட்டர் உயரத்தில் ரயில் வளைந்து நேரே சுரங்க வாய்க்குள் போகும் பாருங்கள், அந்த ஒரு நிமிடத்தை நண்பர் ஒருவர் அதில் உட்கார்ந்து எடுத்த படத்தில் பாலம் இல்லை. எதிர்ச்சீட்டுக்காரரின் சிவப்புத் தொப்பிதான் கண்ணாடியில் விழுந்திருக்கிறது. சாதாரண ரயிலின் பழைய பெட்டியில் கண்ணாடியை இறக்கிவிட்டு நான் எடுத்தேன், காற்றில் கண் கலங்க. முன்பதிவுக் காசும் மிச்சம்.

ஜன்னலோரம்:
ஆக, மூன்று பெட்டியையும் அம்மாவையும் இழுத்துக்கொண்டு நடுவில் ரயில் மாறவேண்டும், உங்கள் படத்துக்காக. முன்பதிவு செய்தவர் கூரில் ஏறினால் திரானோவில்தான் இறங்குவார்.

சில்லறை:
இப்போது மாறுவது கஷ்டம் என்கிறீர்கள். சற்று முன் கட்டாயம் என்றீர்கள். எது?

ஜன்னலோரம்:
இரண்டும்.

புதுச்செருப்பு:
எல்லோருக்கும் நன்றி. மிலானில் எடுக்கும் காரைப் பிளாரன்ஸிலேயே ஒப்படைத்துவிட்டு, ரோமுக்கு அதிவேக ரயிலில் போகலாம் என்று இப்போது நினைக்கிறேன். பிளாரன்ஸில் விடுதி பழைய நகரத்துக்குள். வாசல்வரை காரில் போகலாமா?

இடைவழி:
விடுதியிடம் கேட்காமல் போகாதீர்கள். அங்கே வண்டி நுழையத் தடையுள்ள பகுதி பெரியது, கேமரா வைத்திருக்கிறார்கள். வாடகை அலுவலகம் அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். விமான நிலையத்தில் காரை விட்டுவிட்டு டிராமில் உள்ளே வருவது சுலபம். ஐரோப்பாவுக்கு வெளியே வாங்கிய லைசென்ஸ் என்றால் இத்தாலிக்குப் பன்னாட்டு அனுமதியும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாலுசக்கரம்:
சும்மா பயமுறுத்தாதீர்கள். பலகையைப் படித்து ஓட்டினால் ஒன்றும் ஆகாது.

ஜன்னலோரம்:
பலகையைப் படித்த கதையை நீங்களே சொல்லுங்களேன். "வார்கோ ஆத்திவோ" என்று பலகையில் எரிந்ததும் வழி திறந்திருக்கிறது என்று உள்ளே போனது யார்? அதற்கு, வாசல் கேமரா வேலை செய்கிறது, உள்ளே வராதே என்று அர்த்தம். போனது மட்டுமா, விடுதி கிடைக்காமல் சுற்றி வந்து மறுபடி நுழைந்தீர்கள். இரண்டு அபராதம்.

நாலுசக்கரம்:
ஐந்து மாதம் கழித்து வந்தது. என் முகவரியைப் போலீசுக்குக் கொடுத்த "சேவைக்கு" வாடகை நிறுவனம் தனியாக இரண்டு தடவை பிடித்துக்கொண்டது. என் தவறு இல்லை. மொழி தெரியாதவனுக்கு அந்த ஊர் வைத்த கண்ணி அது. இதை வைத்து எத்தனை வருடம் ஓட்டுவீர்கள்?

ஜன்னலோரம்:
நீங்கள் காரை விடும்வரை.

புதுச்செருப்பு:
சரி, மூலக் கேள்விக்கு வருகிறேன். பெர்னினாவுக்கு நான் முன்பதிவு செய்யவா, வேண்டாமா?

சில்லறை:
வேண்டாம்.

ஜன்னலோரம்:
கட்டாயம்.

இடைவழி:
எந்த ரயில் என்பதைப் பொறுத்தது என்று மேலேயே...

நாலுசக்கரம்:
அதை விடுங்கள். திரும்பும் விமானம் அக்டோபர் கடைசி ஞாயிறு காலை என்று போட்டிருக்கிறீர்கள். அன்று அதிகாலைதான் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடிகாரத்தை ஒருமணி நேரம் மாற்றுகிறார்கள். விமானத்தைத் தவறவிடுவீர்கள்.

சில்லறை:
மூன்று மணி இரண்டாகிறது. பின்னோக்கி. மாற்ற மறந்தாலும் ஒருமணி நேரம் முன்னதாகத்தான் போய் நிற்பார். அதற்கும் முன்பதிவு வேண்டுமா?

ஜன்னலோரம்:
அதற்கு வேண்டாம். பெர்னினா எக்ஸ்பிரஸுக்கு வேண்டும்.