ஆச்சி வீட்டு வளவுல ஆறுமணிக்குருவி

பறவைப் படம் எடுக்கப் போன அனுபவத்தச் சொல்லுங்கன்னதுக்கு, கொள்ளுக்குடிப்பட்டி பறவைகள் சரணாலயக் கதையத்தான் பாதிப்பேரு சொல்லிட்டீங்க. நானும் போவேன், மார்கழிப் பனியில காரைக்குடிலேருந்து திருப்பத்தூர் தாண்டுறதுக்குள்ள கை வெறச்சுரும். 1977லயே சரணாலயம் ஆன கண்மாய், பறவை மிரளும்னு தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊரு, அங்க போயி கார் கதவ டமார்னு சாத்துறவங்களப் பாத்தாத்தான் பத்திக்கிட்டு வரும். நத்தைகுத்தி நாரை, வக்கா, கரண்டிவாயன்னு மெமரி கார்டு ரொம்பிரும். ஆனா எனக்குக் கிறுக்கு, காலையிலயும் சாயந்தரமும் ஆறுமணி வாக்குல கத்துற ஆறுமணிக்குருவி மேலதான்.

மூணு வருசம் தேடுனேன். தைலமரக் காட்டுல போயி தேடுனது என் முட்டாத்தனம், சருகு மக்கி ஈரமாக் கெடக்குற எடத்துலதான அது பூச்சி புழு கிளறும். அப்புறம் கோயில்காட்டுல விடியக்காலமும் பொழுதுசாயவும் சீட்டிச் சத்தம் மட்டும் கேக்கும், ஆளக் காணோம்.

போன ஐப்பசில, ராத்திரி பூரா மழை, காலையில ஆச்சி போன் பண்ணாக. "அப்பு, வளவு முத்தத்துல ஒரு குருவி கெடக்குடா, கிளியுமில்ல மைனாவுமில்ல, எவனோ சாயம் பூசி விட்டாப்ல இருக்கு."

பள்ளத்தூருக்கு எப்படிப் போனேன்னே தெரியல. தூணு மறைவுல உக்காந்திருக்கு, கண்ணச் சுத்தி கருப்புப் பட்டை, றெக்கையில நீலம் பச்சை, அடிவயித்துல செகப்பு, வால் இருக்கா இல்லையான்னே தெரியாத குட்டை. வடக்கேருந்து ராத்திரிலதான் பறந்து வரும், களைச்சுப்போனா இப்புடி வீட்டுக்குள்ள வந்து விழுறதும் உண்டு. பிளாஷ் போட மனசு வரல, கேமராவோட ஒளி உணர்ற அளவு, அதான் ஐஎஸ்ஓ, 3200 வச்சும் ஷட்டர் வேகம் செகண்டுல அறுபதுல ஒண்ணுதான் கெடச்சுச்சு, எடுத்த நாப்பதுல ஒண்ணுதான் தேறுச்சு.

அதுக்குள்ள ஆச்சி வாயத் தொறந்து தண்ணி ஊத்தணும்னு டம்ளரோட நிக்கிறாக. தடுத்து, அட்டைப்பெட்டில ஓட்டை போட்டு உள்ள வச்சு, பூனை எட்டாம பூட்டுன ரூம்ல வச்சோம். சாயந்தரம் தோட்டத்து மாமரத்தடில தொறந்து விட்டேன். பறக்கல, ரெண்டு தத்து தத்தி, சருகப் பொரட்ட ஆரம்பிச்சுருச்சு!

பங்குனி வரைக்கும் அங்கயே கெடந்துச்சு. டெய்லி போன் வரும், "ஒங்குருவி கத்திருச்சு, வெளக்கேத்தப் போறேன்."

---

அண்ணே, குடுத்துவச்ச ஆளு நீங்க. எனக்கு தேவகோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்ல நடந்தது வேற. நீலச்சிறகி வாத்துக் கூட்டம் எறங்கியிருக்குன்னு கரைச் சேத்துல ஒருமணி நேரம் படுத்தே கெடந்தேன், கிட்டத்துல நீந்தி வருது, சரி இப்பன்னு கேமரா பட்டன்ல கைய வைக்கிறேன், சேத்துப் பூனைப்பருந்து ஒண்ணு மேல வந்துச்சு பாருங்க, அம்புட்டும் கெளம்பிருச்சு. வந்த படம் பூரா வாலு. எந்திரிச்சுப் பாத்தா ஒத்தச் செருப்பையும் காணோம்.