லீக் அணிக்கு மூன்று பேரா, இரண்டு பேரா?

ஸ்கோர்ஷீட்:

ஒரு டேபிள் டென்னிஸ் லீக்குக்குச் செயலாளராக இருக்கிறேன். எங்களுடையது பலருக்கும் தெரிந்த பழைய முறை. அணிக்கு மூன்று பேர், ஒவ்வொருவரும் எதிரணியில் உள்ள மூவரோடும் மோதவேண்டும். ஒன்பது ஒற்றையர், கடைசியில் ஓர் இரட்டையர், ஆகப் பத்து மேட்ச். ஜெயிக்கும் ஒவ்வொரு மேட்சுக்கும் அணிக்கு ஒரு புள்ளி.

அடுத்த பொதுக்குழுவில் இதை மாற்றத் தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். அணிக்கு இரண்டு பேர், நான்கு ஒற்றையர், நடுவில் ஓர் இரட்டையர். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. பெண்களுக்கான உலகக் குழுப் போட்டியில், கார்பில்லன் கோப்பைக்கு, நெடுங்காலம் இப்படித்தான் ஆடினார்கள்.

கணக்கைப் பாருங்கள். வார்ம்-அப், பந்து பொறுக்குவது எல்லாம் சேர்த்து ஒரு மேட்சுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் பத்து மேட்சுக்கு 200 நிமிடம். ஒரே மேசை உள்ள கிளப்பில் ஏழு மணிக்குத் தொடங்கினால் பத்து இருபதுக்கு முடியும், அதுவும் எல்லோரும் நேரத்துக்கு வந்தால். போன வாரம் ஓர் ஆட்டத்துக்குப் போயிருந்தேன். ஒன்பதாவது மேட்ச், நான்காவது கேம். காவலாளி வந்து ஒரு வரிசை விளக்கை அணைத்துவிட்டு, சாவிக்கொத்தோடு வாசலிலேயே நின்றார். சர்வீஸ் போட்ட பையன் பந்தைத் தூக்கினால் அது இருட்டுக்குள் போய்த் திரும்பி வருகிறது. இரண்டு கேப்டன்களும் கைபேசி வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இரட்டையர் ஆடவே இல்லை.

மூன்று பேர் சேராமல் வாக்ஓவர் கொடுக்கும், அதாவது ஆடாமலே வெற்றியை எதிரணிக்கு விட்டுவிடும் அணிகளும் ஒவ்வொரு சீசனும் கூடிக்கொண்டே போகின்றன. இரண்டு பேரை எந்த கிளப்பும் சேர்த்துவிடும். மாற்றுக் கருத்து இருந்தால் பொதுக்குழுவுக்கு முன்னாலேயே இங்கே சொல்லுங்கள்.

மூணாவது_ஆள்:

இருக்கு சார். நான் எந்தப் பக்கம்னு என் பேரே சொல்லிடும்.

எங்க அணியில பன்னிரண்டு வருஷமா நான்தான் மூணாவது ஆள். ஒரு ராத்திரிக்கு மூணு மேட்ச் ஆடுவேன், ரெண்டு தோற்பேன், சில நாள் மூணுமே போயிடும். ஆனா எதிரணியோட மூணாவது ஆளும் நானும் மோதற மேட்ச் இருக்கே, நாலுக்கு நாலுன்னு நிக்கிற ராத்திரியில அதுக்காகத்தான் எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு உட்காருவாங்க. முதல் ரெண்டு பேரும் தங்களோட மேட்சை முடிச்சுட்டு துண்டைக் கழுத்துல போட்டுக்கிட்டு என்னைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் வாரம் முழுக்க பேக்ஹேண்ட் புஷ் பழகறேன்.

அணிக்கு ரெண்டு பேர்னு ஆனா கேப்டன் முதல் ரெண்டு பேரைக் கூப்பிடுவார். என்கிட்ட "யாராவது வரலைன்னா சொல்றேன்"னு சொல்லுவார். ஒரு மாசம் போன் வராது. அடுத்த மாசம் நான் பயிற்சிக்கும் போகமாட்டேன். இப்ப உங்க கிளப்புல மேசையை விரிக்கிறது யாரு, நெட் உயரம் 15.25 சென்டிமீட்டர் இருக்கான்னு அளக்கிறது யாரு, சந்தா வாங்கறது யாருன்னு ஒரு தடவை பாருங்க. பெரும்பாலும் என்னை மாதிரி ஆளாத்தான் இருப்பான்.

பேக்ஹேண்ட்:

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் ஆள் நிறைய இருக்கும் கிளப்பை மனதில் வைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் கிளப்பில் பதிவு செய்திருப்பவர்களே ஐந்து பேர். ஒருவருக்கு இரவு வேலை, ஒருவருக்கு முழங்கால் வலி. மூன்று பேரைச் சேர்ப்பதற்குள் ஆட்ட நாள் வந்துவிடுகிறது. போன சீசன் எங்கள் வாக்ஓவர் எல்லாம் இப்படி வந்ததுதான்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அணிக்கு இரண்டு பேர் என்றால் ஐந்து பேரை வைத்து நாங்கள் இரண்டு அணி போடலாம். இன்று மூன்று பேர் ஆடும் இடத்தில் நான்கு பேர் ஆடுவார்கள். முதல் அணியில் மூன்றாவதாக இருப்பவர் கீழ் டிவிஷனில் இரண்டாவது அணிக்கு முதல் ஆள் ஆவார், தன் தரத்துக்கு ஏற்ற ஆட்டக்காரர்களோடு மோதுவார். வாராவாரம் எதிரணியின் முதல் ஆளிடம் 11-2, 11-3 என்று தோற்பதை விட அது அவருக்கு நல்லது இல்லையா?

மாற்றம் என்றாலே ஆட்டம் அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. 2000இல் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. 2001இல் 21 பாயிண்ட் கேம் 11 ஆனது. இன்று யாராவது 21க்குத் திரும்பிப் போகலாம் என்கிறார்களா?

மூணாவது_ஆள்:

தம்பி, 21 போய் 11 வந்தப்ப மூணு கேம் மேட்ச் அஞ்சு கேம் ஆச்சு. அணியில இருந்து யாரையும் வெளியே அனுப்பலை. டிவியில பார்க்கிறவங்களுக்குப் பந்து தெரியணும், ஆட்டம் விறுவிறுப்பா இருக்கணும்னு பண்ண மாற்றம் அதெல்லாம். நம்ம மண்டபத்துல கேமராவும் இல்லை, டிக்கெட் வாங்கினவங்களும் இல்லை. ஆடறவங்கதான் இருக்கோம். அவங்கள்ல ஒருத்தரைக் குறைச்சுட்டு மிச்சம் பிடிக்கிற நேரத்தை யாருக்குக் கொடுக்கப் போறீங்க?

உங்க ரெண்டு அணிக் கணக்கு தாள்ல நல்லாத்தான் இருக்கு. ரெண்டு அணிக்கு ரெண்டு ஹோம் ராத்திரி வேணும், மண்டபம் கிடைக்குமா? அந்த முழங்கால் வலிக்காரரும் இரவு வேலைக்காரரும் ஒரே வாரத்துல வரலைன்னா இப்ப ஒரு அணி தடுமாறும், அப்ப ரெண்டாவது அணியும் சேர்ந்து தடுமாறும்.

நெட்கார்டு:

நடுவழி ஒன்று சொல்கிறேன். மூன்று பேரை வைத்துக்கொள்வோம், மேட்சை மட்டும் குறைப்போம். சர்வதேசக் குழுப் போட்டிகளில் ஐந்து ஒற்றையர் முறை இருக்கிறது. முதல் ஆள் முதல் ஆளோடு, இரண்டாமவர் இரண்டாமவரோடு, மூன்றாமவர் மூன்றாமவரோடு, பிறகு முதல் இருவரும் ஆள் மாற்றி ஆடுவார்கள். 100 நிமிடத்தில் முடிந்துவிடும். யாரும் வெளியே போக வேண்டாம். இரண்டு பக்கமும் இதை ஏற்றுக்கொள்ளலாமே?

சாப்பர்:

அந்த முறையை ஒரு சீசன் ஆடிப் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், கிளப் ஆட்டத்துக்கு அது சரிப்படாது. மூன்றாவது ஆளுக்கு ஒரே ஒரு மேட்ச். ஒரு மணி நேரம் பயணம் செய்து போய், 15 நிமிடம் ஆடிவிட்டு, மீதி நேரம் ஸ்கோர் திருப்பவேண்டும். மூன்று மேட்ச் ஜெயித்தவுடன் நிறுத்துவது என்றால் 3-0 ஆகிற அன்று முதல் ஆளுக்கும் ஒரே மேட்ச்தான். நாட்டுக்காக ஆடுகிறவர்களுக்கு அது போதும். அவர்கள் பகலெல்லாம் பயிற்சி செய்தவர்கள். நமக்கு இந்த லீக் இரவுதான் பயிற்சி, இதுவேதான் போட்டி.

நேரம் போகிறது என்றால் முதலில் என்னைத்தான் கை காட்டுவார்கள். பேட்டில் லாங் பிம்பிள்ஸ் (நீளமான முட்கள் உள்ள ரப்பர்) போட்டு, மேசையிலிருந்து இரண்டு மீட்டர் பின்னால் நின்று சாப் பண்ணுகிறவன், அதாவது பந்தைக் கீழ்நோக்கி வெட்டித் திருப்பியே ஆடுகிறவன் நான். எதிரில் இருப்பவரும் டிஃபென்டர் என்றால் ஒரு கேமே கால் மணி நேரம் ஓடும். ஆனால் அதற்கு விதிப்புத்தகத்திலேயே வழி இருக்கிறது. ஒரு கேம் 10 நிமிடம் ஆகியும் இருவருக்குமாகச் சேர்த்து 18 பாயிண்ட் வரவில்லை என்றால் எக்ஸ்பெடைட் முறை வரவேண்டும். அதன் பிறகு ஆளுக்கு ஒரு சர்வீஸ் மாறி மாறி. சர்வீஸை வாங்குகிறவர் 13 முறை பந்தைச் சரியாகத் திருப்பிவிட்டால் பாயிண்ட் அவருக்கு. அந்த மேட்ச் முடியும்வரை அப்படியேதான். பன்னிரண்டு முறை சாப் பண்ணிவிட்டுப் பதின்மூன்றாவது வருவதற்குள் எதிராளி அடித்தே தீரவேண்டும் என்று தெரியும்போது ஆட்டமே வேறாகிவிடும், எனக்கு அது பிடிக்கும். நம் லீக்கில் இதை யாராவது அமல்படுத்திப் பார்த்திருக்கிறீர்களா? கடிகாரம் பார்க்க ஆள் இல்லை, ஷாட் எண்ண ஆள் இல்லை. மேசை ஓரத்தில் ஐந்து பேர் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது ஆள் இல்லை என்கிறோம்.

வார்ம்-அப்பும் அப்படித்தான். விதி 2 நிமிடம். நாம் ஐந்து நிமிடம் ஃபோர்ஹேண்ட் தட்டிக்கொண்டிருக்கிறோம். மேட்சுக்கு மூன்று நிமிடம், பத்து மேட்சுக்கு அரை மணி நேரம் அங்கேயே போகிறது. துண்டு எடுப்பது ஆறு பாயிண்டுக்கு ஒரு முறை, கேமுக்கு நடுவில் அதிகபட்சம் ஒரு நிமிடம். இவற்றை மட்டும் கேப்டன்கள் கண்டிப்பாகப் பார்த்தால் செயலாளர் ஐயா சொன்ன பத்து இருபது என்பது பத்துக்கு முன்னாலேயே வந்துவிடும். முறையை மாற்றுவதற்கு முன்னால் ஒரு சீசன் கடிகாரத்தை மாட்டிப் பாருங்கள்.

பேக்ஹேண்ட்:

நேரத்துக்கு இது பதில். வாக்ஓவருக்கு? ஆளே வராத இடத்தில் கடிகாரம் என்ன செய்யும்?

கேப்டன்_அக்கா:

அதற்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. இரண்டாம் டிவிஷனில் ஓர் அணிக்குக் கேப்டனாக இருக்கிறேன்.

வாக்ஓவர் எங்கே வருகிறது? மூன்று பேர் வரவில்லை என்றால் ஆட்டமே கிடையாது என்று பல லீக்குகளில் எழுதி வைத்திருக்கிறார்கள், அங்கேதான். அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள். இரண்டு பேர் வந்தாலும் ஆடலாம் என்று வையுங்கள். வராதவருடைய மூன்று ஒற்றையரும் எதிரணிக்குப் போகும். மீதி ஆறு ஒற்றையர், ஓர் இரட்டையர், ஏழு மேட்ச் நடக்கும். இரண்டு பேர் அணியும் நன்றாக ஆடினால் 7-3 என்று ஜெயிக்கவே முடியும். மூன்று புள்ளி இழப்பதே போதுமான தண்டனை. எந்த கேப்டனும் வேண்டுமென்றே இரண்டு பேரோடு வரமாட்டார்.

எங்கள் அணியில் மூன்றாவது ஆள் பதினான்கு வயதுப் பெண். அவளை இரண்டு பேர் அணியில் நான் எப்படிப் போடுவேன், மற்ற இருவரும் அவளை விட நன்றாக ஆடும்போது? மூன்று பேர் முறை இருப்பதால்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. முதல் பத்து வாரம் ஒரு மேட்ச் கூட ஜெயிக்கவில்லை. பதினோராவது வாரம் ஒரு பெரியவரோடு ஐந்தாவது கேம் வரை போனாள். 9-10. அவர் சைடுஸ்பின் சர்வீஸ் போட்டார். அதே சர்வீஸில் அதற்கு முன் நாலு தடவை பந்தை வெளியே அடித்திருந்தாள். அந்த ஒரு தடவை பேட்டைச் சரித்து மெல்லத் தொட்டு நெட்டுக்குப் பக்கத்தில் விட்டாள். 10-10. பிறகு 12-10. நான் ஸ்கோர் திருப்ப மறந்து நின்றுகொண்டிருந்தேன். அவளுடைய மேட்சுகளை எதிரணி கேப்டன் சம்மதத்தோடு முன்னாலேயே வைத்துவிடுவேன், எட்டரைக்குள் வீட்டுக்குப் போய்விடுவாள்.

ஸ்கோர்ஷீட்:

மேடம், இரண்டு பேர் விதியில் எனக்கு ஒரு சிக்கல் தெரிகிறது. எதிரணியின் மூன்றாவது ஆளும் பயணம் செய்து வந்திருப்பார். அவருடைய மேட்சுகளை ஆடாமலே புள்ளி கொடுத்துவிட்டால் அவர் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போகவேண்டியதுதானே?

கேப்டன்_அக்கா:

இல்லை சார். வராதவர் மூன்று பேரோடும் ஆட வேண்டியவர். அதனால் எதிரணியில் ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு மேட்ச்தான் குறைகிறது. மூன்று பேருக்கும் ஆளுக்கு இரண்டு மேட்ச் இருக்கிறது, யாரும் சும்மா உட்காரமாட்டார்கள். நெட்கார்டு சொன்ன ஐந்து மேட்ச் முறையில்தான் நீங்கள் சொல்வது நடக்கும். அங்கே மூன்றாமவர் வரவில்லை என்றால் எதிரணியின் மூன்றாமவருக்கு மேட்சே கிடையாது.

நெட்கார்டு:

சரிதான், அதை நான் யோசிக்கவில்லை. என் யோசனையை விட்டுவிடுகிறேன்.

ஸ்கோர்ஷீட்:

எழுதிப் பார்த்தேன், நீங்கள் சொல்வது சரி. ஏழு மேட்ச் என்றால் 140 நிமிடம், நேரமும் குறைகிறது.

இருந்தாலும் என் பக்கத்தையும் சொல்லவேண்டும். இந்தப் பொறுப்பில் ஆறு வருடமாக இருக்கிறேன். தள்ளிவைத்த ஆட்டங்களுக்குப் புதுத் தேதி பிடிப்பதுதான் இதில் பாதி வேலை. ஒரு கேப்டன் வியாழன் என்பார், அன்று மண்டபம் இருக்காது. மண்டபம் கிடைக்கும் நாளில் மற்ற கேப்டன் ஊரில் இருக்கமாட்டார். இரண்டு பேர் அணி வந்தால் தள்ளிவைப்பதே குறையும் என்று நம்பினேன். இன்னும் நம்புகிறேன். ஆட்டக்காரரை வெளியேற்றும் எண்ணம் எனக்கு இல்லை. லீக்கை நடத்த ஆள் இல்லாமல் போனால் மூன்று பேருக்கும் சேர்த்தே மேசை இருக்காது.

பேக்ஹேண்ட்:

இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். அக்காவின் விதி நல்ல விதி, ஆதரிக்கிறேன். ஆனால் கீழ் டிவிஷனில் மட்டுமாவது இரண்டு பேர் அணியை ஒரு சீசன் முயன்று பார்க்கவேண்டும். புதிதாக வரும் கிளப்புக்கு மூன்று பேர் என்பது பெரிய சுவர்.

மூணாவது_ஆள்:

கீழ் டிவிஷன்லதான் தம்பி எங்களை மாதிரி ஆளுங்க அதிகம். அங்கேயே முயற்சி பண்றேன்னா எப்படி? நான் எதிர்த்துதான் ஓட்டுப் போடுவேன்.

ஆனா செயலாளர் சார் சொன்ன தேதி பிடிக்கிற வேலை எனக்குத் தெரியாம இருந்தது. அதை என்கிட்ட கொடுங்க. தள்ளிவைக்கிற ஆட்டம் எல்லாம் எனக்கு வரட்டும், ரெண்டு கேப்டனுக்கும் போன் பண்ணி, மண்டபமும் பார்த்து, தேதி முடிவு பண்ணி உங்களுக்கு அனுப்பறேன். எனக்கு சாயங்காலம் நேரம் இருக்கு.

ஸ்கோர்ஷீட்:

நன்றி. நாளையே பட்டியலை அனுப்புகிறேன், இப்போது நிலுவையில் நான்கு ஆட்டம் இருக்கிறது. பொதுக்குழுவில் மூன்றையும் தனித்தனித் தீர்மானமாக வைக்கிறேன்: இரண்டு பேர் வந்தால் ஆடலாம் என்ற விதி, வார்ம்-அப் நேரமும் எக்ஸ்பெடைட்டும், கடைசி டிவிஷனில் இரண்டு பேர் அணி. மூன்றாவதுக்கு நான் ஆதரவாகப் பேசுவேன், நீங்கள் எதிர்த்துப் பேசுங்கள். சாப்பர், ஷாட் எண்ணுவது எப்படி என்று கேப்டன்களுக்குக் காட்ட அன்று அரை மணி நேரம் முன்னால் வரமுடியுமா?

சாப்பர்:

வருகிறேன். எதிரில் இன்னொரு டிஃபென்டர் வேண்டும், கூட்டிக்கொண்டு வருகிறேன்.