ஹோவரா, தரையிறக்கமா: சிமுலேட்டரில் எதை முதலில் பழகுவது?

தும்பி:
சிமுலேட்டரில் பெல் 407 ஹெலிகாப்டரை ஓட்டத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. புறப்படுவதிலும் 100 நாட் (மணிக்குச் சுமார் 185 கி.மீ.) வேகத்தில் நேராகப் பறப்பதிலும் இப்போது சிரமமில்லை. ஆனால் தளத்தை நெருங்கி, சுமார் 50 அடி உயரத்தில் வேகத்தைக் குறைத்தவுடன் எல்லாம் குலைந்துவிடுகிறது. முதலில் தொப்பென்று இறங்குகிறது. பதறிப்போய்க் கலெக்டிவை (தூக்குவிசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலை) தூக்கினால் மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது. அதைச் சரிசெய்வதற்குள் பக்கவாட்டில் நழுவி, அடியிலுள்ள ஸ்கிட் (சறுக்குக்கால்) தரையில் இடறிக் கவிழ்கிறது. உதவி அமைப்புகள் அனைத்தையும் அணைத்துவிட்டே பழகுகிறேன். ஹோவரை, அதாவது ஓரிடத்தில் அசையாமல் மிதந்து நிற்பதை, முழுமையாகக் கற்ற பிறகுதான் தரையிறக்கத்துக்குப் போக வேண்டுமா?

சுழலி:
ஆம், ஹோவர்தான் முதலில். ஹெலிகாப்டரில் தரையிறங்குவது என்பதே நகர்ந்து வந்து, ஹோவரில் நின்று, பிறகு கலெக்டிவைச் சிறிது சிறிதாகத் தாழ்த்துவதுதான். 3 அடி உயரத்தில் ஒரு நிமிடம் நிற்கத் தெரியாத கைக்கு 50 அடியில் தடுமாற்றம் வருவதில் வியப்பில்லை. சைக்ளிக்கை (எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கைப்பிடியை) நகர்த்தியதும் ரோட்டர் தட்டு, அதாவது தலைமேல் சுழலும் இறக்கைகளின் வட்டம், உடனே சாய்ந்துவிடும், ஆனால் ஹெலிகாப்டர் அந்தப் பக்கம் நகர்ந்து செல்வது கண்ணுக்குத் தெரியச் சற்று நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் பொறுமையிழந்து இன்னும் கொஞ்சம் தள்ளுவதால்தான் ஊஞ்சலாட்டம் தொடங்குகிறது. ஒரு திருத்தம் கொடுத்தால், அது பலிக்கத் தொடங்கும் முன்பே அதில் பாதியைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். இதை ஹோவரைத் தவிர வேறெதுவும் கற்றுத்தராது.

மேகவழி:
சுழலி அவர்கள் ஊஞ்சலாட்டத்தைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், வரிசையை ஏற்கவில்லை. தும்பி விவரித்திருப்பதைக் கவனியுங்கள்: அவர் ஹோவரில் தடுமாறவில்லை, ஹோவருக்கு வந்துசேரும் வழியில் தடுமாறுகிறார். முன்னோக்கிப் பறக்கும்போது ரோட்டருக்குக் கலையாத புதுக்காற்று தொடர்ந்து கிடைப்பதால் குறைந்த ஆற்றலிலேயே போதிய தூக்குவிசை உண்டாகிறது. வேகம் ஏறத்தாழ 24 நாட்டிலிருந்து 16 நாட்டுக்குள் குறையும்போது அந்தச் சலுகை கைவிட்டுப் போகிறது. அவர் சொல்லும் ‘தொப்’ அதுதான். அப்போது கலெக்டிவைத் தூக்கினால் முறுக்குவிசை கூடுகிறது. மேலிருந்து பார்த்தால் பெல் 407-இன் ரோட்டர் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், உடல் அதற்கு எதிராகத் திரும்பி மூக்கு வலப்பக்கம் போகிறது. ஆகவே இறங்கத் தொடங்கும் வரை காத்திராமல், 30 நாட்டிலேயே கலெக்டிவைச் சற்று உயர்த்தி, அதே கணத்தில் மூக்கை இடப்பக்கம் திருப்பும் இடது பெடலையும் அழுத்தத் தொடங்க வேண்டும். ஒரு மணி நேரம் ஹோவரில் நின்றாலும் இந்தத் தொடர்ச்சி பிடிபடாது, ஏனென்றால் அங்கே வேகம் மாறுவதே இல்லை.

இன்னொன்று. உண்மையான விமானி ஓரக்கண்ணால் தரையின் நகர்வையும், இருக்கை வழியாக உடலின் நழுவலையும் உணர்ந்தே ஹோவரில் நிற்கிறார். திரையில் இரண்டும் இல்லை. சிமுலேட்டர் மிக மோசமாகக் காட்டும் ஒன்றை முதல் பாடமாக வைப்பது பயிற்சியாகாது, தண்டனையாகும். நிஜப் பயிற்சியிலும் மாணவருக்குப் பெரும்பாலும் பயண வேகத்தில் நேராகப் பறப்பதைத்தான் முதலில் சொல்லித்தருகிறார்கள்.

சுழலி:
நிஜப் பயிற்சியில் பக்கத்து இருக்கையில் பயிற்றுநர் இருக்கிறார், மாணவருக்காக அவரே தரையிறக்குவார். வீட்டில் அந்த இருக்கை காலி. இங்கே ஒவ்வொரு பறப்பையும் முடித்துவைக்க வேண்டியவர் தும்பியேதான். மேலும், நின்று பழகாதவர் வேகத்தோடு வந்து தரையைத் தொடுவார். 20 நாட்டில் ஸ்கிட் சற்றுக் கோணலாகப் பட்டாலும் என்ன ஆகும் என்பதை அவரே எழுதியிருக்கிறார்.

மேகவழி:
கோணலாகத் தொடக்கூடாது என்பதற்குத்தான் ஓடுபாதையின் நடுக்கோடு இருக்கிறது. மூக்கைக் கோட்டுக்கு நேராக வைத்து, நடைவேகத்தில் தவழ்ந்துபோய் உட்கார்ந்தால் போதும். ஹோவர் மோகத்திலும் ஒரு ஆபத்து உண்டு. தளத்துக்கு நேர்மேலே உயரத்தில் நின்றுகொண்டு செங்குத்தாக இறங்கப் பார்ப்பவர்கள், 30 நாட்டுக்கும் குறைந்த வேகத்தில் நிமிடத்துக்கு 300 அடிக்கு மேல் இறங்கத் தொடங்கினால், ரோட்டர் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே அமிழும் சுழல்வளைய நிலையில் சிக்க நேரிடும். அங்கே கலெக்டிவைத் தூக்கத் தூக்க இன்னும் வேகமாக இறங்கும். சைக்ளிக்கை முன்னே தள்ளி, கலெக்டிவைத் தாழ்த்தித்தான் வெளியேற வேண்டும். பக்கவாட்டில் வெளியேறும் வுய்ஷார் முறையும் உண்டு, ஆனால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கைப்பிடி:
இருவரும் தும்பியின் கைகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், கையில் இருப்பதைப் பற்றி யாருமே கேட்கவில்லை. மேசைமேல் வைத்த, நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் கொண்ட ஜாய்ஸ்டிக்காக இருந்தால் ஹோவர் இரட்டிப்புக் கடினம். வால் ரோட்டரின் உந்துதல் ஹெலிகாப்டரை வலப்பக்கம் தள்ளுவதால், ஹோவரில் சைக்ளிக்கைச் சற்று இடப்பக்கம் பிடித்தே வைத்திருக்க வேண்டும். ஸ்பிரிங்கோ இடைவிடாமல் நடுவுக்கு இழுக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் கைப்பிடியின் நடுநிலையை மாற்றியமைக்கும் ட்ரிம்மைப் பயன்படுத்துங்கள். ஜாய்ஸ்டிக்கை முழங்கால்களுக்கு நடுவே வைத்து, முன்கையைத் தொடைமேல் ஊன்றி, விரல்நுனிகளால் மட்டும் பிடியுங்கள். மணிக்கட்டு அந்தரத்தில் தொங்கினால் நுண்ணிய அசைவு வராது. பார்வை தளத்தின் மேல் அல்ல, தொலைவில் இருக்கட்டும். கப்ரி ஜி2 ஹெலிகாப்டருக்கு மாறிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு எச்சரிக்கை: அதன் ரோட்டர் எதிர்த்திசையில் சுழல்வதால் கலெக்டிவைத் தூக்கும்போது அழுத்த வேண்டியது வலது பெடல்.

தும்பி:
ஸ்பிரிங் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அதைக் கழற்றிவிட்டு, 500 அடி உயரத்திலிருந்து ஓடுபாதையை நோக்கி, 30 நாட்டிலேயே இடது பெடலைத் தொடங்கி நேற்று பத்து முறை இறங்கினேன். ஆறு முறை நிமிர்ந்தபடியே நின்றது. கவிழ்ந்த நான்கிலும் நான் மூக்கின் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹோவரில் மட்டும் இன்னமும் பத்து விநாடிக்கு மேல் நிற்க முடியவில்லை.

சுழலி:
அந்த ஆறு முறையும் ஓடுபாதையில்தானே? ஒரு கட்டடத்தின் மொட்டைமாடித் தளத்தில் முயன்றுவிட்டு எழுதுங்கள். காத்திருக்கிறேன்.

மேகவழி:
முயலட்டும், ஆனால் இந்த வாரம் வேண்டாம்.